கோவிந்தப்பன் செய்த பேரப்பெட்டி

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வீட்டில் கற்பூரம் தீர்ந்துவிட்டிருந்தது. கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி அணைத்தேன். நெருப்பு எதில் எரிந்தாலும் நெருப்புதான்.

சிறுதொழில் சங்கத்துக்காரர்கள் மலர் போடுகிறார்களாம். ‘தொழில்நுட்ப மேதை கோவிந்தப்பன் வாழ்க்கை தரும் பாடங்கள்’ என்று தலைப்பும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். அவரிடம் எட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் என்பதால் என்னைத் தேடி வந்தார்கள். திம்மப்பண்ணா, நாலு பக்கம் எழுதிக் கொடுங்க, பசங்களுக்கு உற்சாகம் வரணும் என்றார்கள். உற்சாகத்துக்கு நான் பொறுப்பில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கோவிந்தப்பன் நாகரசம்பட்டிக்காரர். அப்பா, தாத்தா எல்லோரும் மாந்தோப்பும் கிருஷ்ணகிரி மண்டியுமாக இருந்தவர்கள். இவர் ஒருவர்தான் ரேடியோவைப் பிரித்துப் பார்த்து வளர்ந்தவர். ஓசூரில் தொழிற்பேட்டை வந்ததும் ஒரு ஷெட்டைப் பிடித்து வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்ய ஆரம்பித்தார். மாம்பழக் கூடையில் வைக்கோல் போட்டு, அதற்குள் ஸ்டெபிலைசரை வைத்து அனுப்புவார். பழமே நசுங்காமல் பம்பாய் போகிறது, இது போகாதா என்பார். போனது. பெங்களூர் பத்திரிகைகளில் அவர் படம் இரண்டு முறை வந்தது. ஒரு முறை தலைகீழாக.

இனி வருவதைப் புரிந்துகொள்ள மண்டி வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் மண்டியில் வாயால் விலை பேச மாட்டார்கள். வாங்குபவனும் விற்பவனும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் வேறு கணக்கு. எந்தச் சரக்கு என்று யாரும் சொல்வதில்லை. எதிரே எந்தக் குவியல் கிடக்கிறதோ அதற்குத்தான் பேரம். பிடித்த விரலைக் குலுக்கிவிட்டால் முடிந்தது. வாங்கியவன் செம்மண்ணில் விரலைத் தோய்த்து அந்தக் குவியலின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவான். கோடு விழுந்த சரக்கை அதற்கப்புறம் வேறு யாரும் தொட மாட்டார்கள்.

பெங்களூரிலிருந்து வந்த மாங்கூழ்க் கம்பெனிக்காரர்களுக்கு இந்த விரல் பாஷை வரவில்லை. அதற்காகத்தான் கோவிந்தப்பன் பேரப்பெட்டி என்று ஒன்றைச் செய்தார். தகரப் பெட்டி. இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை. இரண்டு பேரும் கையை நுழைத்து உள்ளே விரலைப் பிடிக்க வேண்டும். எத்தனை விரலை எத்தனை தடவை பிடித்தார்கள் என்பதைப் பெட்டி உணர்ந்து கூட்டி, மேலே ஒரு சிவப்பு எண்ணாகக் காட்டும். குலுக்கினால் மணி அடிக்கும். இவ்வளவுதான்.

1986 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு முதல் பெட்டி தயாரானது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வீரலட்சுமி கடைசி ஒயரைப் பற்றவைத்துவிட்டு, பெட்டிக்கு எதிரே கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வேப்பனப்பள்ளிக்காரி, நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயது. ஷெட்டில் அவள் வாய்க்கு முதலாளியே பயப்படுவார்.

“மொதலாளி, கைய உள்ள வுட்டுப் பாருங்க. கடிச்சா சொல்லுங்க” என்றாள்.

கோவிந்தப்பன் கையை விட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் முகம் மண்டியில் இருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி ஆயிற்று. புருவத்தைச் சுருக்கினார், உதட்டைப் பிதுக்கினார், தலையை ஆட்டினார். பெட்டியின் மேல் மூன்று என்று எரிந்தது. பிறகு நான்கு. கொஞ்ச நேரம் நான்கிலேயே நின்றது. அவர் கையைப் பின்னுக்கு இழுப்பதுபோல் பாவனை செய்தார், அது ஆறாயிற்று. எட்டு. ஒன்பதில் மணி அடித்தது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “மூணுல ஆரம்பிச்சான். ஒம்பதுக்குக் கொண்ணாந்தேன் பாத்தியா!”

“யாருங்க ஆரம்பிச்சது?” என்று கேட்டேன்.

அப்போதுதான் எல்லோரும் அந்தப் பக்கத்து ஓட்டையைப் பார்த்தோம். அதற்கு இன்னும் மூடியே கழற்றவில்லை. தகட்டை வைத்து நான்கு ஸ்க்ரூ போட்டிருந்தது.

ஊர் பேர் தெரியாத யாராவது விரலைப் பிடித்தால் உலகத்தில் வேறு எவனும் கையை உதறுவான், அல்லது கத்துவான். கிருஷ்ணகிரி மண்டியில் வளர்ந்தவன் மட்டும்தான் ‘கம்மியா இருக்கே’ என்று பேரம் பேசுவான். மலரில் போட வேண்டுமானால் இதை முதல் பாடமாகப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் என்ஜினியர் சௌந்தரராஜன் கும்பகோணத்துப் பையன், படித்தவர். மின்கசிவு சார், தோலில் அப்படித்தான் தெரியும் என்றார்.

கோவிந்தப்பன் தன் கையை முகர்ந்து பார்த்தார். “கெணத்துச் சேறு வாசன வருதே. கசிவுக்கு வாசன உண்டாப்பா? அப்புறம் அந்தக் கை, அவசரமே படல. நல்ல மரியாதையான கை.”

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் அந்த நான்கு ஸ்க்ரூவும் இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தேன்.

மறுநாள் மூன்று பத்துக்கு ஒன்பது எட்டாயிற்று. சௌந்தரராஜன் பிளக்கைப் பிடுங்கினார், எண் அணைந்தது. வெற்றி என்று எங்களைப் பார்த்தார். அதற்கு மறுநாள் நான்கு மணிக்கு மேல் பிளக்கைச் செருகியபோது ஏழு என்று எரிந்தது. அணைந்து கிடந்த நேரத்திலும் அது எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்து உள்ளே எங்காவது பேட்டரி ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. பிரித்ததை மூடும்போது அவர் அந்தப் பக்கத்து ஓட்டையின் கிட்டே கையைக் கொண்டுபோகாததை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

அன்று காலையில்தான் வீரலட்சுமி உட்காரும் முக்காலியில் ஒரு செம்மண் கோடு இருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் அவளுடைய சோற்று டப்பாவின் மூடியில் இருந்தது. அதைத் துடைக்கவில்லை. டப்பாவைத் திறக்கவும் இல்லை.

வியாழக்கிழமை கோவிந்தப்பனின் தாய்மாமன் முனிராஜ் வந்தார். மண்டியில் நாற்பது வருஷம் தரகு பார்த்தவர். மருமகன் ஏதோ பெட்டி செய்தானாமே என்று பார்க்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தரகர் அப்படிச் செய்தால் சிரிக்கிற விஷயம் இல்லை என்று பொருள்.

“அதெல்லாம் சரி மாப்ள. எதிர்ல இன்னா சரக்கு இருந்திச்சி?”

“சரக்கா? ஒண்ணும் இல்ல மாமா. வெறும் டேபிள்தான்.”

“நல்லா ஓசனப் பண்ணிச் சொல்லு. உங்கைய உள்ள வுட்டப்ப உங்கண்ணுக்கு நேரா இன்னா இருந்திச்சி?”

கோவிந்தப்பன் மேஜைப் பக்கம் திரும்பினார். ஷெட்டில் இருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வீரலட்சுமியைப் பார்த்தோம்.

“இன்னா எல்லாரும் பாக்குறீங்க? நான் மாங்காவா?” என்றாள். “வாங்குனவன் எந்த ரகம்னாச்சும் பாத்தானா? பெங்களூராவா, நீலமா?” சிரித்தாள். அவளோடு யாரும் சிரிக்கவில்லை.

“ஒம்பதுன்றது வெல இல்ல” என்றார் முனிராஜ். “நிக்கிற மரத்துல காய் பேசுனா, எத்தினி நாள்ல வந்து பறிச்சிக்கறதுன்னும் வெரல்லதான் பேசுவாங்கோ. நீ வெலன்னு நெனச்சி ஏத்திக்கினு இருந்த. அவன் நாளு குடுத்துக்கினு இருந்தான். நல்ல வேள, நீ பேராசக்காரன். இல்லாட்டி இன்னிக்கே மூணு நாளு முடிஞ்சி போயிருக்கும்.”

மணியைப் பார்த்தேன். மூன்று ஒன்பது. ஒரு நிமிஷம் பொறுத்து ஏழு ஆறாயிற்று.

பெட்டியை உடைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஏம்பா திம்மப்பா, துண்டைக் கிழித்தால் பேரம் போய்விடுமா என்றார் முனிராஜ். பேசினது பேசினதுதான். வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. விற்ற சரக்கை மீட்க நினைப்பவன், அதைவிடப் பெரிய சரக்கை எதிரே வைத்து, மறுபடி கையைக் கொடுக்கலாம். எடுத்துக்கொள்வதும் விடுவதும் வாங்கினவன் இஷ்டம். பேசின அதே கைதான் பேச வேண்டும். பேசுகிறவன் தன்னையே சரக்காக வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஒரு லாரி நிறைய மாம்பழம் கொண்டுவந்து ஷெட்டின் நடுவில் கொட்டினார்கள். கோவிந்தப்பன் கையை விட்டார். உள்ளே அந்தக் கை விரல்களை மடக்கிக்கொண்டு கல் மாதிரி இருந்ததாம். சனிக்கிழமை வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு ஜோடி காளை வந்தது. ஓசூர்ப் பக்கத்தில் அப்படி ஒரு ஜோடியை நான் பார்த்ததில்லை. அந்தக் கை அவர் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டியதாம், அறியாத பிள்ளையைத் தட்டுவதுபோல. காளைகள் இரண்டும் ஷெட்டுக்குள்ளேயே மூத்திரம் பெய்துவிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஒன்றைப் பாகலூரில் பிடித்தார்கள். இன்னொன்று எல்லை தாண்டிவிட்டது.

கோடு அவளை நெருங்கிக்கொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை செருப்பில். சனிக்கிழமை முந்தானை ஓரத்தில். ஞாயிற்றுக்கிழமையும் ஷெட்டைத் திறந்து வைத்திருந்தோம், அவள் வீட்டில் இருக்கப் பயப்பட்டாள் என்பதால். அன்று காலை இடது புறங்கையில் இருந்தது. சோப்பு, மண்ணெண்ணெய், தின்னர், ஸ்டோரில் இருந்த எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்தது. கோடு அப்படியே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரிகள் முக்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். கோடு விழுந்த சரக்கு அல்லவா.

நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள். “திம்மண்ணா, எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவாங்கோ?”

நான் துணியை மறுபடி தின்னரில் நனைத்தேன்.

“ஆவணியில எம் பொண்ணுக்குக் கண்ணாலம் வெச்சிருக்கேன்” என்றாள். “அது முடிஞ்சிட்டா எங்க வேணா இட்டுக்கினு போவட்டும். மொதலாளிகிட்ட சொல்லி ஒரு அறுவது நாளு சேத்துக் கேக்கச் சொல்லேன். அவருக்குத்தான் பேரம் நல்லா வருமே.”

கோவிந்தப்பனிடம் சொன்னேன். அன்று மூன்று பத்து தாண்டியதும் அவர் கேட்டும் பார்த்தார். அந்தக் கை அவர் உள்ளங்கையில் ஒரு விரலை வைத்தது. ஒன்று. பெட்டியின் மேலும் ஒன்று என்றுதான் எரிந்தது.

அன்று மாலை வரை அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழாக, எடை பார்ப்பதுபோல. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு கிலோ. என்னை அவளைவிடப் பெரிய சரக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதை நானே முந்திக்கொண்டு நினைவூட்டினேன். “ச்சே, அதில்லப்பா” என்றார். சொல்லும்போது கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். திங்களிலிருந்து ஞாயிறு வரை ஆறு நாள்தான் ஆகிறது, மூன்று மிச்சம் இருக்க வேண்டும். சனிக்கிழமை வரை பெட்டி ஒழுங்காகத்தான் எண்ணி நான்கில் நின்றது. அறுபது நாள் சேர்த்துக் கேட்டதற்கு அபராதமாக இரண்டைப் பிடித்துக்கொண்டது. மண்டியில் அதுவும் வழக்கம். முடிந்த பேரத்தைக் கிளறினால் குறையத்தான் செய்யும்.

திங்கட்கிழமை காலை வீரலட்சுமி வந்தபோது கோடு கழுத்தில் இருந்தது.

கோவிந்தப்பன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் எல்லோரையும் ஷெட்டைவிட்டு வெளியே போகச் சொன்னார். நீளமான ஒயரை இழுத்து, கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்தார். ஷெட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நாற்பது பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும், ஒரு ஈ காக்கைகூட எதிரே இருக்கக் கூடாது என்றார். வீரலட்சுமி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். வாட்ச்மேன் வளர்த்த கோழி ஒன்று உள்ளேயே மேய்ந்துகொண்டிருந்தது. அதைத் துரத்திப் பிடிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. கோழிக்கு அன்று நான் செய்த உதவி அதற்குத் தெரியாது.

“மொத்தக் கம்பெனியையுமா மாப்ள?” என்றார் முனிராஜ்.

“மொத்தமும் மாமா. மெசினு, மேஜ, கட்டுன ஸ்டெபிலைசரு, கம்பெனி பேரு, எல்லாம்.”

பக்கத்துத் தொழிற்சாலையில் மூன்று மணிச் சங்கு ஊதியது. கோவிந்தப்பன் கையை விட்டார். எதிரே ஆளில்லாத ஷெட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, எல்லா ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிப் பார்க்க என்னவோபோல் இருந்தது. மூன்று ஐந்து ஆயிற்று. பெட்டியில் ஒன்று என்ற எண் மாறவில்லை.

“புடிச்சிக்கினு இருக்கான்” என்றார் கோவிந்தப்பன். “தடவிப் பாக்கறான். குலுக்க மாட்டேங்கறான்.”

முனிராஜ் குனிந்து அவர் காதில் கேட்டார். “மடியில எதனாச்சும் வெச்சிருக்கியா?”

மண்டியில் இது ஒரு பழைய தந்திரம். குவியலை விற்கிறவன் அதில் நல்ல பழம் ஒன்றை மட்டும் மடியில் ஒதுக்கிக்கொள்வான். கை தேர்ந்த வாங்குபவன் விரலைப் பிடித்தே அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

கோவிந்தப்பன் நெற்றியிலிருந்து வேர்வை பெட்டியின் மேல் சொட்டியது. மூன்று ஏழு.

“மாப்ள.”

“அது மட்டும் வேணாம் மாமா. அது போச்சின்னா நான் வெறும் மாங்காக்காரன்.”

“நீ மாங்காக்காரனாச்சும் இருப்ப. அவ ஒண்ணுமே இல்லாம பூடுவாடா!”

பின்னாலிருந்து வீரலட்சுமி அவர் சட்டையை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இடது கையால் பனியனுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்காக மடித்தது, வேர்வையில் ஊறியிருந்தது. பேரப்பெட்டியின் முழு வரைபடமும் அந்த ஒரு தாளில்தான் இருந்தது. சௌந்தரராஜனுக்கே பாதிதான் தெரியும். பதினோரு வருஷ உழைப்பு என்று அவர் ஒரு முறை சொன்னார். அதைக் கேட்டின் கம்பி இடுக்கு வழியாக உள்ளே எறிந்தார்.

அன்று காற்றே இல்லை. எதிரே இருந்த புங்கமரத்தில் ஒரு இலை அசையவில்லை. அந்தத் தாள் மட்டும் தரையோடு தரையாக, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, ஷெட் வாசல் வரை போயிற்று. வாசற்படியில் கொஞ்சம் நின்றது. பிறகு ஏறி உள்ளே போயிற்று.

மணி அடித்தது. கோவிந்தப்பனின் கை தோள்வரை ஒரு முறை குலுங்கியது. மூன்று பத்து. ஷெட்டில் எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தது. ஃபேன்கள் சுற்றி ஓயும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வீரலட்சுமியின் கழுத்தில் கோடு இல்லை. ஷெட்டின் கதவில் இருந்தது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, செக்கச் செவேலென்று. அதற்கப்புறம் எங்களில் யாரும் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. என்னுடைய சைக்கிள் உள்ளேதான் இருந்தது, அதையும் எடுக்கவில்லை. நாங்கள் விற்ற ஸ்டெபிலைசர்கள் அத்தனையும் அதே நிமிஷத்தில் நின்றன. ராயக்கோட்டை வரையில் நானே விசாரித்திருக்கிறேன்.

கோவிந்தப்பன் நாகரசம்பட்டிக்குத் திரும்பி மரம் ஒட்டுக்கட்டிக்கொண்டிருந்தார். யார் கை நீட்டினாலும் கும்பிடுதான் போடுவார். ஆவணியில் வீரலட்சுமி மகள் கல்யாணம் நடந்தது. பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன், ஏலக்காய் தூக்கல். எந்தத் தொழிலிலும் மடியில் ஒன்றும் வைக்காதே என்பதுதான் அவர் வாழ்க்கை தரும் பாடம் என்று சங்கத்துக்காரர்களிடம் சொன்னேன். அவர்கள் ஆதாரம் கேட்டார்கள்.

கேட்பது நியாயம்தான். 1986 ஜூனில், அந்த நாளில், அந்த நிமிஷத்தில், அந்த ஷெட்டில் மின்சாரம் நின்றதை எழுத்தில் வாங்கிவிடலாம் என்று போன வாரம் மின்சார அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, விரலை வைத்துக் காட்டினார். அந்த ஷெட்டுக்கு முதன்முதலாக மின் இணைப்பு கொடுக்கப்பட்டது 1991 மார்ச் பதினொன்றாம் தேதி.